பத்து வயதோடு நின்ற கணக்கு

(தோட்டப்புறப் பாடசாலைகளின் பெற்றோரும் ஆசிரியரும் அட்டனில் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



அட்சரகணிதத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சட்டத்தரணி எதற்கு என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். வழக்கும் தேர்தலும் சம்பளப் பேச்சுவார்த்தையுமாக அலைகின்றவர்களுக்கு எழுத்தையும் எண்ணையும் கலந்து போடும் கணக்கோடு என்ன உறவு? உறவு உண்டு. பிள்ளைகள் எந்த வயதில் அட்சரகணிதம் படிக்க வேண்டும் என்ற கேள்வியை இந்த மலைநாட்டில் முதன்முதலாகத் தீர்த்துவைத்தவர் ஆசிரியர் அல்லர், சட்டம் இயற்றியவரே. எனவே சட்டத்திலிருந்து தொடங்குவோம்.

1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. நல்லதுதானே என்பீர்கள். எந்த வயதுப் பிள்ளைகளுக்கு? ஆறு வயது முதல் பத்து வயது வரைக்கும். பத்து வயதுக்கு மேல் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று சட்டம் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. பதினோராவது வயதில் கொழுந்து மலை காத்திருந்தது. அட்சரகணிதமோ பதினொன்று பன்னிரண்டு வயதிலே தொடங்குகின்ற பாடம். ஒரு சமூகம் முழுவதும் அந்தப் பாடத்தின் வாசற்படியை மிதிக்காமலே வளரும்படி வயது வரம்பு ஒன்றே பார்த்துக்கொண்டது. ‘உங்களுக்கு இது வேண்டாம்’ என்று எவரும் வாய்திறந்து சொல்லவேயில்லை. சொல்லாமற் செய்த காரியம் என்பதனால்தான் அதனை எதிர்த்து எவரும் கொடி பிடிக்கவுமில்லை.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளி தோட்டத்தின் பள்ளியாகவே நின்றது. 1960இலும் 1961இலும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அப்போதும் தோட்டப் பள்ளிகள் வெளியே விடப்பட்டன. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் கணிதத்தை இடைநிலை மாணவர் எல்லோருக்கும் கட்டாய பாடமாக்கிற்று. நாடு முழுவதும் உழவன் மகனும் மீனவன் மகளும் சமன்பாட்டைத் தீர்க்கத் தொடங்கிய அந்த நாளில், தோட்டப் பள்ளி அரசாங்கப் பள்ளியே அன்று! பெருந்தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1970களின் பிற்பகுதியிலேதான் இப்பள்ளிகள் பொதுக் கல்வி முறைக்குள் வந்து சேர்ந்தன. கட்டாயக் கணிதம் என்ற இரயில் புறப்பட்டுப்போன பிறகு நாம் நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம்.

அட்சரகணிதம் என்றால் என்ன? தாய்மார்கள் அறிய வேண்டும் என்பதற்காக எளிமையாகச் சொல்கிறோம். தெரியாத ஒரு தொகைக்கு ஒரு பெயர் வைத்து, தெரிந்தவற்றோடு அதற்குள்ள உறவை எழுதி, அந்த உறவின் வழியாகவே தெரியாததைப் பிடித்துக்கொண்டு வரும் வித்தை அது. பாஸ்கராச்சாரியார் 1150ஆம் ஆண்டளவில் இதனைப் பீஜகணிதம் என்று நூலாக எழுதினார். அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு பாக்தாத் நகரில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலில், இறந்தவரின் சொத்தை மனைவிக்கும் மக்களுக்கும் பங்கிடும் கணக்குகள் ஏராளம். ஆக, இந்தப் பாடம் பிறக்கும்போதே எமது தொழிலுக்கு அயல் வீட்டில் பிறந்தது என்று சொல்லிக்கொள்வதில் எமக்கு ஒரு சிறு பெருமை.

உங்கள் பாட்டன்மாருக்கும் ஒரு தெரியாத் தொகை இருந்தது. அதன் பெயர் கடன். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று அந்தத் துண்டிலே எழுதியிருக்கும். கப்பல் செலவு எவ்வளவு, அரிசிக்குப் பிடித்தது எவ்வளவு, கங்காணி முன்பணம் எவ்வளவு, அதற்கு வட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட அதில் இடமில்லை. கூட்டிய தொகை மட்டும் தெரியும், கூட்டப்பட்டவை தெரியா. துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. கூட்டுத்தொகையை மட்டும் காட்டி உறுப்புகளை மறைக்கும் பழக்கம் ஒழிந்ததா என்பதை இனிப் பார்ப்போம்.

2016ஆம் ஆண்டு அக்டோபரில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தை நினைவிற் கொள்ளுங்கள். நாட்சம்பளம் 730 ரூபாய் என்று மேடைகளில் முழங்கினார்கள். அந்த 730 என்பது ஓர் எண்ணன்று, ஒரு கோவை. அடிப்படைச் சம்பளம் 500, விலைப்பங்குக் கொடுப்பனவு 30, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140. இவற்றில் முதலிரண்டும் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் உண்டு. மூன்றாவது, வழங்கப்பட்ட வேலை நாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து நாட்களாவது வந்தவருக்கு மட்டும். நான்காவது, தோட்டம் நிர்ணயித்த கொழுந்தின் நிறையை எட்டியவருக்கு மட்டும். மழையால் கொழுந்து குறைந்த மாதத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட மாதத்தில், 730 ரூபாய்க்காரி 530 ரூபாய்க்காரியாகிவிடுவாள். அவளிடம் கேட்டால், ‘எழுநூற்று முப்பது என்றார்களே, எங்கே போயிற்று?’ என்பாள். எங்கும் போகவில்லை, தாயே! இரண்டு ‘ஆனால்’களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றது.

இன்னும் நுணுக்கமான ஒன்று அதற்குள் இருந்தது. ஒரு மாதத்தில் 25 நாள் வேலை வழங்கப்பட்டதாகக் கொள்வோம். கொழுந்து நிறைக்கான 140ஐ இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். வந்த நாட்களுக்கு ‘ந’ என்று பெயர் வைப்போம். 25இல் முக்காற்பங்கு 18¾. ஆகவே 18 நாள் வந்தவருக்கு வரவுக் கொடுப்பனவு இல்லை; 530ஐ ‘ந’வால் பெருக்கினால் 9,540 ரூபாய். 19 நாள் வந்தவருக்கோ எல்லா நாளுக்கும் அது உண்டு. 590ஐப் பெருக்கினால் 11,210 ரூபாய். ஒரு நாள் வித்தியாசத்தின் விலை என்ன? 1,670 ரூபாய்! அந்தப் பத்தொன்பதாவது நாளின் காலையில், தலைவலிக்கிறது என்று லயத்திலே படுத்துக்கொண்ட பெண்ணுக்கு, தான் இழந்தது 530 அன்று, அதைப்போல் மும்மடங்குக்கும் மேல் என்பதனை யார் சொன்னார்கள்? ஒப்பந்தம் எழுதியவர்கள் அறிவார்கள். தோட்டத்து அலுவலகம் அறியும். பெரட்டுக் களத்தில் நின்றவள் அறியாள். ஏழாம் தரத்துப் பிள்ளைக்குப் புரியக்கூடிய கணக்கு இது. அதற்கு மேல் இதில் ஒரு மர்மமும் இல்லை.

இரண்டாண்டு கழித்து, ஆயிரம் ரூபாய் கேட்டுப் போராட்டம் எழுந்தது. 2018 அக்டோபரில் மலையகத்து இளைஞர்கள் கறுப்புடை தரித்துக் காலிமுகத்திடலில் திரண்டதை மறக்க முடியுமா? 2019 சனவரியில் முடிவானது அடிப்படை 700, விலைப்பங்கு 50, ஆக 750. வரவுக்கும் உற்பத்திக்கும் இருந்த தனிக் கொடுப்பனவுகள் இரண்டும் நீங்கின. உடனே ஒரு மேடையில், ‘வெறும் இருபது ரூபாய் உயர்வு, துரோகம்!’ என்றார்கள். எதிர் மேடையில், ‘அடிப்படைச் சம்பளம் நூற்றுக்கு நாற்பது உயர்ந்தது, வெற்றி!’ என்றார்கள். மக்கள் எதை நம்புவது? இரண்டும் உண்மை. நிபந்தனைகள் இரண்டையும் நிறைவேற்றியவருக்கு 730 போய் 750 வந்தது, உயர்வு இருபதே. வரவை மட்டும் நிறைவேற்றியவருக்கு 590 போய் 750, உயர்வு நூற்றறுபது. இரண்டிலும் தவறியவருக்கு 530 போய் 750, உயர்வு இருநூற்றிருபது. நலிந்தவருக்கு அதிகமும், வலியவருக்கு மிகச் சொற்பமும் கிடைத்த ஒப்பந்தம் அது. அதனை ஏற்பதா மறுப்பதா என்பது அரசியல். அதிலே எமக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு, இன்று அதைச் சொல்ல வரவில்லை. ஆனால் எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த கூட்டம் எதிரே அமர்ந்திருந்தால், மேடையில் நிற்கும் நாமெல்லாம், எந்தக் கட்சியாராயினும், அவ்வளவு எளிதாகத் தொண்டை கிழியப் பேசியிருக்க முடியுமா? அட்சரகணிதம் அறிந்த மக்களைக் கண்டு தலைவர்கள் சற்று அஞ்சுவார்கள். அது நல்லதே.

இலங்கைப் பாடநூல்களில் ஒரு தொடர் உண்டு. சூத்திரத்தின் எழுவாயை மாற்றுதல். இலக்கண ஆசிரியர்கள் புன்னகை செய்கிறீர்கள். சூத்திரத்தில் எந்த எழுத்து தனியே இடப்பக்கம் நின்று விடையாக வருகிறதோ அது எழுவாய். அதனை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் கண்ட ஒரு வழக்கைச் சொல்கிறோம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலத்தின் ஒவ்வோராண்டுக்கும் பதினான்கு நாட் சம்பளம். ஓய்வுபெற்ற ஓர் அம்மையாருக்கு, தோட்டத்தின் பெயர் வேண்டாம், கடைசி நாட்சம்பளம் 500 ரூபாய். கிடைத்த பணிக்கொடை 1,82,000 ரூபாய். பெரிய தொகை என்று மகிழ்ந்து சாமிக்குப் பொங்கலும் வைத்துவிட்டார். ஒன்பதாம் தரத்தில் படித்த பேத்தி, பள்ளியிற் சொல்லித் தந்தபடி சூத்திரத்தைத் திருப்பினாள். தொகையைப் பதினான்காலும் ஐந்நூறாலும் வகுத்தாள். ஆண்டு 26 என்று விடை வந்தது. ‘பாட்டி, நீ முப்பத்தொரு வருடம் என்றல்லவா சொல்வாய்?’ என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடுதான் அவர்கள் எம்மிடம் வந்தார்கள். விடுபட்ட ஐந்து ஆண்டுகளும் பழைய செக்றோலிலே இருந்தன. 35,000 ரூபாய் மேலும் கிடைத்தது. சட்டத்தரணி செய்தது ஒரு கடிதம் எழுதியது மட்டும். தொகையை எழுவாயாக வைத்து அலுவலகம் எழுதியதை, ஆண்டை எழுவாயாக்கி அந்தச் சிறுமி வாசித்தாள்.

கடல் கடந்த ஒரு செய்திக்கு வருவோம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1960களில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் ரொபர்ட் மோசஸ். சிறையும் அடியும் கண்டவர். வாக்குரிமைப் போராட்டத்தில் மூத்த அவர், 1982இல் என்ன செய்தார் தெரியுமா? அட்சரகணிதம் கற்பிக்கத் தொடங்கினார்! தம் மகளின் பள்ளியில் எட்டாம் வகுப்பிலே அந்தப் பாடம் இல்லாததைக் கண்டு அவரே வகுப்பெடுக்கப் போய், அது ‘அட்சரகணிதத் திட்டம்’ என்ற பெரிய இயக்கமாயிற்று. வாக்குச்சீட்டு இல்லாதவன் அன்று எந்த நிலையில் நின்றானோ, அந்த நிலையில்தான் கணிதம் அறியாதவன் இன்று நிற்கிறான் என்பது அவர் கொள்கை. 2021இல் மறையும் வரை அந்தப் பணியை அவர் விடவில்லை. 1947இல் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பி, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதையடுத்த தேர்தற் சட்டத்தாலும் 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியாமற் போன நமக்கு, இதனை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா? பிரஜாவுரிமைக் கணக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. அடுத்த கணக்கு கரும்பலகையில் கிடக்கிறது.

மோசஸ் தம் மாணவரை பொஸ்டன் நகரத்து நிலத்தடி இரயிலில் ஏற்றிச் சென்று, நிலையங்களை வைத்தே நேர் எண்ணையும் எதிர் எண்ணையும் கற்பித்தார். நமக்குப் பதுளைக்குப் போகும் இரயில் போதும். அட்டனைப் பூச்சியமாக வைத்தால், கொட்டகலையும் தலவாக்கலையும் ஒரு பக்கம், றொசல்லையும் வட்டவளையும் மறு பக்கம். மறை எண் என்றால் விழிக்கும் பிள்ளை, வட்டவளைக்குப் போவதென்றால் விழிக்காது.

இனி வயதுக் கேள்வி. அதிலே அறிஞர்களிடம் ஒற்றுமை இல்லை என்பதை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். சோவியத் நாட்டில் தவிதொவ் என்ற உளநூலறிஞர், முதலாம் வகுப்புக் குழந்தைகளுக்கே நீளத்தையும் நிறையையும் ஒப்பிட்டு எழுத்துகளால் உறவு எழுதப் பழக்கும் பாடமுறையை உருவாக்கினார். மறுபக்கம், சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014இல் அட்சரகணிதத்தை எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளியது, எல்லாப் பிள்ளையும் ஒன்றாகக் கற்கட்டும் என்று. பத்தாண்டு கழித்து, 2024 மார்ச்சில், நகரத்து வாக்காளரிடமே அந்தக் கேள்வி போயிற்று. எட்டுக்கே திருப்புங்கள் என்று பெரும்பான்மையோர் சொன்னார்கள். ஒரு பாடத்தின் வயதுக்காக ஊரே வாக்களித்த அதிசயம்! சிக்காகோ நகரம் 1997இல் ஒன்பதாம் வகுப்பார் எல்லோரும் அட்சரகணிதம் படித்தே தீர வேண்டும் என்று கட்டளையிட்டது. படித்தவர் தொகை உயர்ந்தது, தவறியவர் தொகையும் உயர்ந்தது, தேர்வுப் புள்ளிகள் உயரவில்லை. கட்டளை மட்டும் கற்பிக்காது. சட்டம் படித்தவர்களாகிய நாமே இதைச் சொல்லும்போது நம்புங்கள்.

நமது நாட்டுத் தேசியப் பாடத்திட்டத்திலே வயதில் குறையில்லை. ஆறாம் தரத்தில் குறியீடும் கோவையும், ஏழாம் தரத்தில் எளிய சமன்பாடும் வருகின்றன. உலகத்தோடு ஒப்பிட்டால் இது முந்திய வயதே. குறை எங்கே? ஐந்தாம் தரத்தோடு முடியும் தோட்டப் பள்ளியை விட்டு, பிள்ளை புதிய பள்ளிக்குப் போவது சரியாக அந்த ஆறாம் தரத்தில். மலையிறங்கி, பஸ் பிடித்து, புது முகங்களுக்கு நடுவே கடைசி வாங்கிலில் அமரும் அதே ஆண்டில்தான், எண்ணுக்குப் பதில் எழுத்து முதன்முறை பலகையில் ஏறுகிறது. அந்த ஆண்டில் அவ்வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லையென்றால், அல்லது தவணைக்கொருவர் மாறினால், பிள்ளையின் கணிதம் அங்கேயே நின்றுவிடுகிறது. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் உயர்தர வகுப்பின் வழமையான துறைகள் அடைபடும். 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் தொழிற்பாடங்களுக்கு ஒரு பக்கக் கதவைத் திறந்தது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போகும் முன்வாசல் அது அன்று. பதினாறு வயதிலே தவறியதாகச் சான்றிதழ் சொல்கிறது. உண்மையிலே தவறியது பதினொரு வயதில். அந்தப் பழைய சட்டம் கோடு போட்ட அதே இடத்தில்.

ஆகவே எமது கோரிக்கை இது. எழுத்துக்கணக்கின் விதையைத் தோட்டப் பள்ளியிலேயே, நாலாம் ஐந்தாம் தரத்திலேயே, தெரிந்த ஆசிரியர் முன்னிலையில் ஊன்றிவிட வேண்டும். ‘வெறுங்கூடை இரண்டு கிலோ, கொழுந்தோடு பதினேழு கிலோ, கொழுந்து எத்தனை?’ என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளையும் சொல்லும். அந்தத் தெரியாத கொழுந்துக்கு ஒரு கட்டம் வரைந்து, அடுத்த மாதம் கட்டத்துக்குப் பதில் ஓர் எழுத்தை வைத்தால், ஆறாம் தரத்தில் அது அந்நியமாகத் தோன்றாது. புலமைப்பரிசில் பரீட்சை ஐந்தாம் தரம் முழுவதையும் விழுங்கிவிடுகிறதே என்று ஆசிரியர்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் புலமைப்பரிசில் எத்தனை பிள்ளைக்கு, அட்சரகணிதம் எத்தனை பிள்ளைக்கு என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, ஆசிரியர். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை நியமித்து, மாதம் 6,000 ரூபாயும் பின்னர் 10,000 ரூபாயும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த காலத்தை நாம் அறிவோம். அந்தத் தொகையில் கணிதம் தெரிந்த இளைஞன் எத்தனை காலம் நிற்பான்? பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்று வெளிவரும் கணித ஆசிரியர்களில் சிறந்தவர்களை ஆறாம் ஏழாம் தரங்களுக்கு அனுப்ப வேண்டும். பள்ளி அதிபர்கள் நல்ல ஆசிரியரைப் பரீட்சை வகுப்புக்கென்று பதினோராம் தரத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். அடித்தளம் போட்ட பிறகல்லவா கூரை!

‘எங்கள் மகன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகப் போகிறான், அவனுக்கு எதற்கு இது?’ என்று முன்வரிசையில் ஓர் ஐயா சற்று முன்பு கேட்டார். ஐயா, அவன் தவணைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் எடுப்பான். மாதம் இவ்வளவு என்று முதலாளி சொல்வார். எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அவன் கேட்பானா, கையொப்பம் மட்டும் வைப்பானா? சேமலாப நிதிக்கு அவன் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு, முதலாளி பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்பது சட்டம். தன் சம்பளம் எதன்மேல் கணக்கிடப்பட்டது என்று அவன் திருப்பிப் பார்ப்பானா?

வெளிவாசலருகே உள்ள மேசையில், அட்டன் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிய மனு இருக்கிறது. ஆறாம் ஏழாம் தரங்களில் கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைகளின் பட்டியல் அதனோடு சேர்க்கப்பட வேண்டும். உங்கள் பாடசாலையின் நிலையை ஆசிரியர்கள் எழுதித் தாருங்கள், பெற்றோர் கையொப்பமிடுங்கள். இந்த மாதத்துச் சம்பளச் சீட்டை அடுப்பில் போடாமல், பெயரைக் கிழித்துவிட்டுப் பிள்ளையின் ஆசிரியரிடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பாடநூலாக அதையே எடுத்துக்கொள்வதாக இங்குள்ள மூன்று ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நேரம், இடம் பற்றி அவர்களே இப்போது அறிவிப்பார்கள்.